கையிலே தொழில் இருக்கு, அட்டை எங்கே?

(மூன்றாம் ஆண்டு மின்னியல் துறை மாணவர் ஒருவரின் கருத்து)

போன முன்னாள் மாணவர் தினத்தன்று நம் கல்லூரிக்கு வந்திருந்த சீனியர் அண்ணன் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு, "கென்யாவில் வேலை எப்படிண்ணா?" என்று கேட்டோம். சம்பளம், சிங்கம், சஃபாரி என்று ஏதாவது சொல்வார் என்று வாயைப் பிளந்து நின்ற எங்களிடம் அவர் சொன்னதோ ஒரு ஹெல்பரைப் பற்றி!

அண்ணன் நைரோபியில் ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர். அவர் கீழே வேலை செய்கிறவர் கிழக்கு காங்கோவிலிருந்து தப்பி வந்தவர். "பேனல் ஒயரிங்குல அவன் கைக்கு முன்னாடி என் டிப்ளமோ நிக்காதுடா. கேபிள்ல எங்கே ஃபால்ட்டுன்னு மெக்கர் வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவான். ஆனா மஸ்டர் ரோல்ல அவன் ஹெல்பர். கூலியும் ஹெல்பர் கூலி" என்றார். ஏனென்றால் அவர் அகதி. ஊரில் தொழில் படித்த சான்றிதழ் ஊரோடு போயிற்று. கையில் இருப்பது ஓர் அகதி அட்டை. வேலை செய்வதற்கான பெர்மிட் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்தால் மெயின் ரோட்டில் நடக்க மாட்டாராம், சந்து சந்தாகப் போவாராம். போலீஸ் நிறுத்தினால் அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையைக் காட்டினால், "உன் இடம் முகாம்தானே, நகரத்தில் உனக்கு என்ன வேலை?" என்று கேள்வி வரும். அதற்கு மேல் பேச்சு பெரும்பாலும் பணத்தில்தான் முடியும்.

"நான் அந்த நாட்டுக்குப் போய் ரெண்டு வருஷம். கம்பெனியே பெர்மிட் எடுத்துக் கொடுத்துச்சு. அவன் போய்ப் பதினோரு வருஷம். போலீஸ்காரன் என்னைப் பார்த்தா 'ஹலோ பாஸ்'னு சொல்லிட்டுப் போறான்" என்று அண்ணன் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் யாருக்கும் அடுத்த கேள்வி வரவில்லை.

எனக்கு மட்டும் கேள்வி வந்தது, ஆனால் நாலு நாள் கழித்து. ஓர் அகதிக்கு ஒரு நாடு கொடுக்க வேண்டிய பாதுகாப்பு என்பது என்ன? லைப்ரரியிலும் கம்ப்யூட்டர் லேபிலும் உட்கார்ந்து தேடிப் படித்தேன். ரெண்டு அரியரை வைத்துக்கொண்டு இது உனக்குத் தேவையா என்று ரூம்மேட் கேட்டான். தேவைதான் என்று இப்போதும் சொல்வேன்.

அகதி என்றதும் நம் மனக்கண்ணில் என்ன வருகிறது? கூடாரம், கோதுமை மூட்டை, போர்வை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய். இவை எல்லாம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கென்யாவின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று பிடிபட்டது. அகதிக்கு மூட்டைக்குச் சமமாக வேண்டியது, பிறர் மதிக்கிற ஒரு தாளும், அதை மதிக்காதபோது பக்கத்தில் வந்து நிற்க ஒரு வக்கீலும். மூட்டைக்கு உலகம் உண்டியல் குலுக்குகிறது. வக்கீலுக்கு யாரும் குலுக்குவதில்லை.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1990 வரை கென்யாவில் இருந்த அகதிகள் சுமார் 15,000 பேர்தான். ஊரோடு கலந்து இருந்தார்கள், வேலை பார்த்தார்கள். 1991-ல் சோமாலியாவில் அரசே இடிந்து விழுந்தது. தெற்கு சூடானில் போர், எத்தியோப்பியாவில் ஆட்சிக் கவிழ்ப்பு. ஓரிரு ஆண்டுக்குள் எண்ணிக்கை சில லட்சங்களாகிவிட்டது. நாடு திணறிப் போயிற்று. கிழக்கே சோமாலிய எல்லைப் பக்கம் டடாப்பில் 1991-லும், வடமேற்கே துர்கானா வறண்ட பூமியில் ககுமாவில் 1992-லும் முகாம்கள் எழுந்தன. டடாப்பின் மூன்று முகாம்களையும் 90,000 பேருக்கென்று போட்டார்கள். 2011 பஞ்சத்தின்போது அங்கே இருந்தவர்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம்! இன்று கென்யா முழுவதும் உள்ள அகதிகள் 8 லட்சத்துக்கும் மேல்.

வேடிக்கை என்னவென்றால், 'முகாமில்தான் இருக்க வேண்டும்' என்ற நடைமுறை வந்தபோது அதற்கென்று ஒரு சட்டமே கிடையாது. 1951-ம் வருட ஜெனீவா ஒப்பந்தத்தில் கென்யா 1966-லேயே சேர்ந்துவிட்டது. ஆப்பிரிக்க நாடுகள் கூடி 1969-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் 1992-ல் ஏற்றது. இந்த ஆப்பிரிக்க ஒப்பந்தம் ரொம்பப் பெரிய மனசு கொண்டது. ஜெனீவா ஒப்பந்தப்படி, 'இன்ன காரணத்துக்காக என்னைக் கொடுமைப்படுத்துவார்கள்' என்ற தன் அச்சத்துக்கு ஒருவர் ஆதாரம் காட்ட வேண்டும். ஆப்பிரிக்க ஒப்பந்தமோ, போராலும் பெருங்கலவரத்தாலும் ஊரே குலைந்து ஓடி வந்தவரையும் அகதி என்றே ஏற்கிறது. வீடு எரியும்போது தீ வைத்தவன் பெயர் என்ன என்று கேட்பதில்லை. ஆனால் உள்நாட்டில் அகதிகள் சட்டம் வந்தது 2006-ல்தான். அதுவரை பதிவு செய்வது, விசாரிப்பது, அட்டை கொடுப்பது எல்லாம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் தலையில்.

2006 சட்டம் வந்தது, சந்தோஷம். அகதியைத் துரத்தி வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டமாயிற்று. ஆனால் அதே சட்டம், குறிப்பிட்ட இடத்துக்கு வெளியே அனுமதியின்றித் தங்கினால் குற்றம் என்றது. வேலை விஷயத்திலோ மற்ற வெளிநாட்டுக்காரருக்கு உள்ள அத்தனை தடையும் அகதிக்கும் உண்டு. அதாவது கம்பெனி அழைத்துப்போன நம் சீனியரும், உயிர் தப்பி ஓடி வந்த அந்தக் காங்கோக்காரரும் சட்டத்தின் முன் சமமாம்! சீனியருக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது, திரும்பிப் போக ஒரு ஊர் இருக்கிறது. அவருக்கு இந்த மூன்றும் கிடையாது. இதற்குப் பெயர் சமமா, நீங்களே சொல்லுங்கள்.

இனி வழக்குகளுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதே இவைதான்.

2012 டிசம்பரில், நகரங்களில் வாழும் அகதிகள் எல்லோரும் டடாப்புக்கும் ககுமாவுக்கும் போய்விட வேண்டும் என்று அரசு அறிவித்தது. குண்டு வெடிப்புகள் நடந்துகொண்டிருந்த நேரம். பயம் பொய்யில்லை, அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பு வந்ததும் என்ன ஆயிற்று? சோமாலியர் அதிகம் வாழும் ஈஸ்ட்லீ பகுதியில் வீடு புகுந்து சோதனை, அடி உதை, பணப் பறிப்பு. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு பாதிக்கப்பட்டவர்களைப் பேட்டி கண்டு 2013-ல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் சோறு இறங்காது.

அப்போது கோர்ட்டுக்குப் போனது 'கிடூவோ ச ஷெரியா'. ஸ்வாஹிலியில் சட்ட மையம் என்று பொருள். ஏழைகளுக்கு இலவசமாக வாதாட 1973-ல் வக்கீல்கள் சேர்ந்து தொடங்கியது. சில அகதிகளும் சேர்ந்து மனுப் போட்டார்கள். 2013 ஜூலை 26 அன்று நீதிபதி டேவிட் மஜான்ஜா அந்த அறிவிப்பை ரத்து செய்தார். தீர்ப்பின் சாரம் நமக்குப் புரியாத விஷயமல்ல. கென்யாவின் 2010 அரசியல் சட்டம் சில உரிமைகளைக் 'குடிமக்கள்' எல்லோருக்கும் என்கிறது, சிலவற்றை 'எல்லா நபர்களுக்கும்' என்கிறது. நாட்டுக்குள் நடமாடும் உரிமை இரண்டாவது வகை. அகதி ஒரு நபர்தானே! பிறகு, நகரத்திலுள்ள அகதிகளை எல்லாம் மொத்தமாகப் பெயர்த்தெடுப்பதற்கும் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று அரசு காட்டவில்லை. குற்றம் செய்தவனைப் பிடி, யார் வேண்டாம் என்றது? தெருவையே பிடித்தால் எப்படி?

அதே அரசியல் சட்டத்தில் இன்னொரு வரி என்னை அசத்திவிட்டது. அடிப்படை உரிமை வழக்குத் தொடுக்கக் கட்டணம் கிடையாது. தனக்காக வர முடியாதவருக்காக வேறொருவர் வரலாம். தேவைப்பட்டால் முறைப்படி இல்லாத ஒரு சாதாரணத் தாளையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம். நம்ம ஊரில் போஸ்ட் கார்டையே வழக்காக எடுத்த கதை உண்டல்லவா, அந்த மாதிரி. ஆனால் இங்கே அதை எழுதி வைத்தே விட்டார்கள்.

இதோடு முடிந்ததா? இல்லை. 2013 செப்டம்பரில் வெஸ்ட்கேட் வணிக வளாகத் தாக்குதல், 67 உயிர்கள். 2014 மார்ச்சில் மறுபடி முகாம் உத்தரவு. ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து நைரோபியின் கசரானி விளையாட்டு அரங்கத்தில் அடைத்து அட்டை சரிபார்த்தார்கள். விளையாட்டு அரங்கம் காவல் கொட்டடியாயிற்று. அந்த உத்தரவை எதிர்த்த வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, கோர்ட்டுக்குப் போனால் எப்போதும் வெற்றி என்று நான் புளுகப் போவதில்லை. ஆனால் அதே 2014 டிசம்பரில், நாட்டில் மொத்தமே 1,50,000 அகதிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டத் திருத்தம் வந்தது. அப்போது இருந்தவர்கள் அதைப்போல் சில மடங்கு. மீதிப் பேரை எங்கே கொட்டுவது? 2015 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தப் பிரிவை அடித்துத் தள்ளியது.

அந்த ஏப்ரலிலேயே கரிஸ்ஸா பல்கலைக்கழகத் தாக்குதலில் 148 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நம்மைப்போல மாணவர்கள், விடியற்காலை ஹாஸ்டலில் இருந்தவர்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கென்யாக்காரர்களின் கோபத்தை அந்த ஒரு நிகழ்ச்சியே புரிய வைக்கும். அடுத்த ஆண்டு மே மாதம் டடாப்பை மூடப் போவதாகவும் அகதிகள் துறையையே கலைப்பதாகவும் அரசு அறிவித்தது. மறுபடி கிடூவோ ச ஷெரியா, கூடவே நாட்டின் தேசிய மனித உரிமை ஆணையம். 2017 பிப்ரவரி 9 அன்று நீதிபதி ஜான் மட்டிவோ, இது ஒரு சமூகத்தையே குறிவைப்பது, செல்லாது என்றார். அத்தனை கோபத்துக்கு நடுவே அந்த நாட்டு வக்கீல்களே எழுந்து அந்நியருக்காக வாதாடினார்கள், அந்த நாட்டு நீதிபதியே தீர்ப்பெழுதினார். இதற்குத் துணிச்சல் வேண்டும் நண்பர்களே!

ஆனால் பெரிய கோர்ட்டுத் தீர்ப்பு ஒரு பக்கம், தெருமுனைப் போலீஸ் ஸ்டேஷன் இன்னொரு பக்கம். தீர்ப்பின் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டா அலைய முடியும்? ராத்திரி பத்து மணிக்குப் பிடித்துக்கொண்டு போனால் ஸ்டேஷனுக்கு வந்து, "இவர் பதிவு செய்தவர், விடுங்கள்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையைத்தான் கிடூவோவும், 1998-ல் தொடங்கிய கென்ய அகதிகள் கூட்டமைப்பும் செய்கின்றன. புகலிட மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு எழுதித் தருவது, பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவது, பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணோடு கோர்ட் படி ஏறுவது, அகதிகளிலேயே சிலருக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்துத் துணை வக்கீல் மாதிரி ஆக்குவது. ககுமாவுக்கு லோட்வார் நகரத்திலிருந்து 120 கிலோமீட்டர் கடந்து மாஜிஸ்திரேட் வந்து நடமாடும் நீதிமன்றம் நடத்தும் வழக்கம் வந்தது. மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால் அங்கே சாட்சி ஊமை. சோமாலி, டிங்கா, அம்ஹாரிக், ஸ்வாஹிலி என்று ஒரே முகாமில் எத்தனை நாக்கு!

2016-ல் வந்த சட்ட உதவிச் சட்டம், அரசுச் செலவில் வக்கீல் பெறக்கூடியவர்கள் பட்டியலில் அகதியையும் சேர்த்திருக்கிறது. தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் அகதிகளின் அன்றாட வழக்குகளைத் தூக்கிச் சுமப்பது இன்றும் பெரும்பாலும் இந்தத் தொண்டு அமைப்புகள்தான். அவையோ வெளிநாட்டு நிதியை நம்பி ஓடுகின்றன. நிதி நின்றால் முதலில் மூடுவது எந்தக் கதவு என்று நினைக்கிறீர்கள்? 2025-ல் ககுமாவில் ரேஷனையே பெரிதாக வெட்டினார்கள், மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சோற்றுக்கே வெட்டு என்றால் வக்கீலுக்கு யார் தருவார்?

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம், தொழிலுக்கு.

ககுமாவில் டான் போஸ்கோ சபையார் 1993 முதல் தொழிற்பயிற்சி நடத்துகிறார்கள். வெல்டிங், தச்சு, கொத்து வேலை, எலக்ட்ரிகல் எல்லாம் உண்டு. நம் ஒர்க்‌ஷாப்பில் நாம் ஃபைலிங் போட்டுச் சலித்துக்கொள்கிறோமே, அதே ராவிக்கொண்டு, அதே வியர்வை. வெயில்தான் கொஞ்சம் கூட. உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி ககுமாவில் 2,000-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் நடந்தன. முகாம் என்பதே ஒரு டவுன்! ஆனால் பயிற்சி முடித்து நன்றாக வெல்டிங் அடிக்கிற பையன், வேலை இருக்கிற ஊருக்குப் போகப் பயண அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். முகாமுக்குள்ளேயே தொண்டு நிறுவன வேலைக்குச் சேர்ந்தாலோ, கிடைப்பது சம்பளம் அல்ல, 'ஊக்கத்தொகை'. அதே வேலையைச் செய்யும் கென்யருக்குக் கிடைப்பதில் ஒரு சிறு பங்கு. பெயரை மாற்றினால் கூலியைக் குறைத்துவிடலாம் என்ற இந்த வித்தையை யார் கண்டுபிடித்தார்களோ!

2021 நவம்பரில் புதிய அகதிகள் சட்டம் வந்து, 2022 பிப்ரவரியில் அமலாயிற்று. படித்துப் பார்த்தேன். அகதி வேலை செய்யலாம், தொழில் தொடங்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. முன்னேற்றம்தான், கை தட்டலாம். ஆனால் அதே பிரிவில், 'கென்யாவின் தகுதிவாய்ந்த அதிகாரிகள் அங்கீகரித்த கல்வித் தகுதி உடையவர்' என்று ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சான்றிதழ் வீட்டோடு எரிந்துவிட்டவர் எதை அங்கீகரிக்கக் கொடுப்பார்? அவர் படித்த கல்லூரிக்கே கடிதம் எழுதிக் கேட்கச் சொல்வதா, அது நிற்கிறதோ இல்லையோ? அகதிகளுக்கென்றே தனி வகை வேலை பெர்மிட் உண்டு, அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் முதலாளியின் கடிதம் வேண்டும், அகதிகள் துறையின் கடிதம் வேண்டும், பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எந்த முதலாளி ஒரு ஒயர்மேனுக்காக அத்தனை அலைவான்? 'குறிப்பிட்ட இடம்' என்ற பழைய கயிறும் புதுச் சட்டத்தில் அறுபடவில்லை. சட்டம் ஒரு கையால் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு மறு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது.

என் கருத்து இதுதான். சான்றிதழ் இல்லாதவருக்குச் செய்முறைத் தேர்வு வையுங்கள். ஒரு பேனல் போர்டை முன்னால் வைத்து, "ஒயரிங் செய்துகாட்டு" என்று சொன்னால் அரை நாளில் தெரிந்துவிடும் ஆள் யாரென்று. நம் பிராக்டிகலில் எக்ஸ்டர்னல் செய்வது அதைத்தானே? தேறியவருடைய அகதி அட்டையிலேயே தொழில் அனுமதியையும் பதித்துவிட வேண்டும். தனியே ஒரு பெர்மிட், அதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு கடிதம் என்று வேண்டாம்.

இதில் உள்ளூர்க்காரர் பாடு என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். துர்கானா மக்கள் ஆடு மாடு மேய்ப்பவர்கள், கென்யாவிலேயே பரம ஏழைகள். முகாமுக்கு வருகிற தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு தாங்கள் வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்டியவர்கள். அவர்களுக்கு வயிறெரிந்தால் தப்பு சொல்ல முடியாது. 2016-ல் ககுமாவுக்குப் பக்கத்தில் திறந்த கலோபெயே குடியிருப்பில் பள்ளியும் ஆஸ்பத்திரியும் சந்தையும் இரு தரப்புக்கும் பொது என்று வைத்தார்கள். 2025 மார்ச்சில் தொடங்கிய ஷிரிகா திட்டம் முகாம்களையே இரு சாராரும் வாழும் நகராட்சிகளாக மாற்றப் போகிறதாம். நடக்கட்டும். ஆனால் நகராட்சி என்று போர்டு மாட்டிவிட்டு, வெளியே போக மட்டும் சீட்டு கேட்டால் அது முகாமேதான்.

"கென்யாவுக்குப் புத்தி சொல்ல நமக்கென்ன யோக்கியதை?" என்று ரூம்மேட் மறுபடி கேட்டான். நியாயமான கேள்வி. 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கில்லை. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து நம்மோடு ஒரே பெஞ்சில் படித்த நண்பன், கேம்பஸ் இன்டர்வியூ ஃபாரத்தில் 'குடியுரிமை' என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அவன் இங்கேயே பிறந்தவன். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்கும் முன் சீனியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்தக் காங்கோக்காரரை அவரே ஒரு சனிக்கிழமை இலவச சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். அங்கிருந்த பெண் வக்கீல் பொறுமையாக உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாராம். கம்பெனியிடம் கடிதம் வாங்குவதற்குத்தான் அண்ணன் மூன்று வாரம் கெஞ்ச வேண்டியிருந்ததாம்.

"பெர்மிட் வந்துச்சாண்ணா?"

"இன்னும் இல்லடா. நாலு மாசமாச்சு. நேத்து ஒரு ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவர் பேனல், ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அவன்தான் நின்னு முடிச்சான். மஸ்டர் ரோல்ல நான்தான் எழுதினேன்... ஹெல்பர்னு."